வழித்துணையும் வழிக்கவனமும்

மதுரைக்கு அண்மையில் உள்ள திருமோகூரில் எழுந்தருளியிருக்கும் காளமேகப் பெருமாளுக்கு ‘வழித்துணைப் பெருமாள்’ என்றொரு திருநாமம் வழங்கி வருகிறது. ஆப்தன் என்றும் அவனைச் சொல்வர். திருவாய்மொழியின் பத்தாம் பத்துத் தொடக்கத்தில் நம்மாழ்வார் இப்பெருமானைத் தம் பெரும்பயணத்துக்குத் துணையாகப் பற்றினார் என்பது பூர்வாசாரியர்கள் காட்டிய பொருள். எல்லாம் அறிந்த ஆழ்வாரே வழிக்கு ஒரு துணை வேண்டும் என்று கருதினார் என்றால், கோடை விடுமுறைக்குப் பிள்ளை குட்டிகளுடன் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படும் குடும்பஸ்தனுக்குத் துணை வேண்டும் என்பதில் ஐயம் எழ இடமில்லை. ஐயம் வேறோர் இடத்தில் எழுகிறது. வழித்துணையாக அவன் இருக்கையில், போகிறவன் தானும் கவனமாக இருக்க வேண்டுமா? அவ்வாறு இருப்பது அவன்மீது வைத்த நம்பிக்கையில் ஒரு குறை ஆகாதா?

இது பண்டிதர்கள் மட்டுமே எழுப்பும் வினா அன்று. “எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிப் படியேறுகிறவர்களும், “விதி இருந்தால் வீட்டில் இருந்தாலும் வரும்” என்று சொல்லி நீரில் இறங்குகிறவர்களும் நாள்தோறும் எழுப்பும் வினா. இவற்றில் முன்னது பக்தியின் வாக்கு. பின்னது விதியின் வாக்கு. இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தாலும் ஒன்றல்ல. ஆயினும் அருவிக்கரையில் இரண்டும் ஒரே காரியத்துக்குத்தான் பயன்படுத்தப்படுகின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது.

பைம்பொழில் என்று பழம்பெயர் பூண்ட பண்பொழி, இவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர். ஊருக்கு மேற்கே மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்கு 600க்கு மேற்பட்ட படிகள் ஏறிச் செல்வோர், மேலிருந்து பார்த்தால் வயலும் குளமும் தென்னந்தோப்பும் விரித்த பாய்போல் காட்சி தருவதைக் காண்பர். மேக்கரையில் அடவிநயினார் அணையில் தேங்கி வரும் அனுமன் நதி இவ்வட்டாரத்துக்கு வாழ்வளிக்கிறது. தெற்கே சிறிது தொலைவில் குற்றாலம். மேற்கே மேக்கரையைக் கடந்து மலையேறினால் அச்சன்கோவில். தென்மேற்கே செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கிவிட்டால் நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் மக்கள் இப்பக்கம் வருவர். கார்த்திகை, மார்கழியில் மாலையணிந்த அடியார்கள் இவ்வழியே மலை ஏறுவர். ஆண்டு முழுவதும் யாத்திரிகர்களின் கால் படாத நாள் இவ்வட்டாரத்தில் இல்லை என்றே சொல்லலாம்.

மலையடிவாரத்து மக்களுக்குத் தெரிந்த ஓர் உண்மை சமவெளியிலிருந்து வருவோருக்குத் தெரிவதில்லை. அருவியில் விழும் நீர் அங்கே பெய்த மழை அன்று. மேலே, கண்ணுக்கு எட்டாத காட்டில், எப்போதோ பெய்த மழை. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மேகம் உடைந்திருக்கக்கூடும். பல ஓடைகளில் பிரிந்து இறங்கும் வெள்ளம் ஒரே பாறைத்தொட்டியில் வந்து சேரும்போது, முழங்கால் அளவு ஓடிய நீர் சில நிமிஷங்களில் ஆளை அடித்துச் செல்லும் வேகம் பெற்றுவிடுகிறது. நீரின் நிறம் திடீரென்று செம்மண் கலந்ததுபோல் மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனத்து ஒலிப்பது ஆகியவை முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டவுடன் கரையேறி மேட்டுக்குச் செல்லவேண்டும். துண்டையும் செருப்பையும் தேடிக்கொண்டு நிற்கலாகாது.

2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பிற்பகலில் பழைய குற்றால அருவியில் நிகழ்ந்தது இதுவே. கோடை மழை மேலே கொட்ட, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள்மீது வெள்ளம் பாய்ந்தது. பலர் அலறிக்கொண்டு படிகளில் ஏறித் தப்பினர். திருநெல்வேலியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். அச்சிறுவன் தடையை மீறியவன் அல்லன். மே மாதத்து விடுமுறையில் உறவினரோடு நீராட வந்தவன். அவன் குடும்பத்தாரிடம் சென்று “விதி” என்று சொல்வதற்கு எவருக்கு நா எழும்?

இங்கே ஒன்றைப் பிரித்து அறியவேண்டும். நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்வதற்கு விதி என்னும் சொல் பயன்படலாம். துயருற்றவன் தானே அச்சொல்லைச் சொல்லி ஆறுதல் பெறுவானானால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் நடக்க இருப்பதை அலட்சியம் செய்வதற்கு அச்சொல்லைக் கையாள்வது முற்றிலும் வேறு. பின்னோக்கிச் சொல்லும்போது மருந்தாக இருப்பது, முன்னோக்கிச் சொல்லும்போது நஞ்சாகிவிடுகிறது. குற்றாலப் பேரருவியில் பாதுகாப்பு வளைவு என்று ஒன்று உண்டு. நீர் அவ்வளைவுக்கு மேலாகப் பாயும்போது குளிப்பதற்குத் தடை விதிக்கப்படும். வளைவு அங்கே இருப்பதற்குக் காரணம், நீரின் போக்கை நெடுநாள் கண்டவர்களின் அறிவு. அந்த அறிவையும் கொடுத்தவன் ரக்ஷகன்தானே என்று ஏன் எண்ணக்கூடாது?

‘சரணாகதி செய்தவனுக்குத் தன் முயற்சி கூடாது’ என்பது ஸ்ரீவைஷ்ணவ உலகில் நெடுங்காலமாக ஆராயப்பட்ட பொருள். தாயின் வயிற்றைக் குட்டி தானே இறுகப் பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயமும், தாய் தன் வாயால் குட்டியைக் கவ்விச் செல்லும் மார்ஜார நியாயமும் அன்பர்கள் அறிந்தவை. இவ்விரண்டில் எது ஏற்றம் என்னும் வாதத்துக்கு ஈண்டு இடமில்லை. பெரியோர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆனால் அருவிக்கரையில் நின்று பூனைக்குட்டியைத் துணைக்கு அழைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. தாயின் வாயில் இருக்கும் பூனைக்குட்டி அசைவதில்லை. துள்ளுவதில்லை. தடுப்புக் கம்பியைத் தாண்டிப் பாறைமீது ஏறி நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வதில்லை. தன் முயற்சியை விட்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன், தன் இச்சையால் ஆபத்தான இடத்துக்கு நடந்து சென்றால், அது முயற்சியை விட்டதாகுமா? செய்ததெல்லாம் அவன் முயற்சி. விளைவை மட்டும் எம்பெருமான் தலையில் ஏற்றுகிறான். சரணாகதிக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை வேறில்லை. மெய்யாகவே ஸ்வப்ரவ்ருத்தி ஒழிந்தவன் வழுக்குப் பாறையில் ஏறியே இருக்கமாட்டான்.

பெரியோர்கள் தம் வாழ்க்கையில் இதை எவ்வாறு நடத்திக் காட்டினார்கள் என்பதைக் காணலாம்.

இளம்பருவத்து இராமாநுசர் தம் ஆசிரியர் யாதவப்பிரகாசரோடு காசி யாத்திரை சென்றார். விந்திய மலைக்காட்டில், ஆசிரியரின் உள்ளத்தில் இருந்த தீய எண்ணத்தை அறிந்த கோவிந்தர் இராமாநுசரைத் தனியே கண்டு எச்சரித்தார். இராமாநுசர் என்ன செய்தார்? ‘அத்திகிரி வரதன் காப்பான்’ என்று கூடாரத்திலேயே படுத்திருக்கவில்லை. அக்கணமே கூட்டத்தை விட்டு விலகிக் காட்டுவழியில் நடந்தார். வழி தெரியாமல் களைத்து நின்றபோதுதான் வேடனும் வேடுவச்சியும் எதிர்ப்பட்டுத் துணையாகி, காஞ்சியின் எல்லையில் கொண்டுவந்து விட்டு மறைந்தனர் என்று குருபரம்பரை கூறும். வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்பது அடியார்களின் உறுதி. இக்கதையைச் சொல்கிறவர்கள் வேடனின் வருகையில் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னே கோவிந்தரின் எச்சரிக்கை ஒன்று இருந்தது என்பதும், கேட்ட மாத்திரத்தில் இராமாநுசர் அதற்குச் செவி சாய்த்தார் என்பதும் பேச்சில் விரைந்து கடந்துபோகின்றன. காவல்துறையினர் விசில் ஊதி “கரையேறுங்கள்” என்று கூவும்போது, அதைக் கோவிந்தரின் குரலாக ஏற்கும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

இதனினும் பெரிய சரிதம் ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டில், 1323ஆம் ஆண்டை ஒட்டி, டில்லிப் படை திருவரங்கத்தை நோக்கி வந்தது. அப்போது கோயிலில் இருந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பிள்ளை லோகாசாரியர். வயது முதிர்ந்தவர். எம்பெருமானே உபாயம் என்பதை அவரைப்போல் வற்புறுத்திச் சொன்னவர் எவருமில்லை. மார்ஜார நியாயத்தைப் போற்றும் மரபு தன் தலைவராகக் கொண்டாடுவதும் அவரையே. அத்தகையவர் அன்று செய்தது யாது? மூலவர் திருமுன் கல்திரை எழுப்பச் செய்தார். வருகிறவர்கள் ஏமாறும்படி வேறொரு விக்கிரகம் முன்னே வைக்கப்பட்டது. உற்சவமூர்த்தியான நம்பெருமாளைச் சிறு கூட்டத்தோடு தெற்கு நோக்கி எழுந்தருளப் பண்ணினார். பெருவழியை விட்டுக் காட்டுவழியைத் தேர்ந்தார். இடைவழியில் கள்ளர்கள் மறித்துப் பறித்தபோது தம்மிடம் இருந்தவற்றையும் கொடுத்துவிட்டார் என்பர். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் திருநாடு அலங்கரித்தார். நம்பெருமாளின் பயணமோ அழகர்மலை, கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை என்று நீண்டு, 1371ஆம் ஆண்டில்தான் மீண்டும் திருவரங்கத்தில் நிறைவுற்றது.

உலகைக் காப்பவனையே காப்பாற்ற ஒரு முதியவர் சுவர் எழுப்பினார், வழியை மாற்றினார், உடைமையை விட்டுக்கொடுத்தார். இதில் நம்பிக்கைக் குறைவு எங்கே இருக்கிறது? இவர் நூலில் படித்தவர்கள் எவரும் இவர் செயலைக் கண்டு முரண்பாடு என்று சொல்லவில்லை. உபாயமாக எண்ணிச் செய்வது வேறு, கைங்கர்யமாக எண்ணிச் செய்வது வேறு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். கல்திரை தம்மைக் காக்கும் என்று அவர் நம்பவில்லை. காக்கப்பட வேண்டியதற்குத் தாம் செய்யத்தக்க பணி அது என்று செய்தார். ஒரு தகப்பன் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவதும் அத்தகைய பணியே.

அதே காலத்தில் வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகை என்னும் நூலின் ஏட்டையும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இரு சிறுவர்களையும் காத்து, பிணக்குவியலிடையே மறைந்திருந்து, பின்னர் சத்தியாகாலம் சென்று சேர்ந்தார் என்பது மற்றொரு மரபின் பெருமைமிகு நினைவு. நியாயங்களில் வேறுபட்ட இரு பெரியோர்கள் ஆபத்து வந்த நாளில் ஒரே விதமாக நடந்துகொண்டார்கள். ஏடும் குழந்தையும் விக்கிரகமும் கையில் இருக்கையில் அவர்களுக்கு வாதம் நினைவுக்கு வரவில்லை போலும்.

திருநெல்வேலிச் சீமையும் இக்கதையில் பங்குடையது. ஆழ்வார்திருநகரியிலிருந்து நம்மாழ்வாரின் திருமேனியும் அக்காலத்தில் மலைநாட்டுக்கு எழுந்தருளிற்று. முந்திரிப்பு என்னும் மலைச்சரிவில், பேழைக்குள் வைத்து, சங்கிலியால் பள்ளத்தில் இறக்கி அதனை மறைத்து வைத்தனர். பிற்காலத்தில் தோழப்பர் என்பவர் சங்கிலியைப் பற்றி அதே பள்ளத்தில் இறங்கி ஆழ்வாரை மேலே ஏற்றி அனுப்பினார். தாம் ஏறி வருகையில் தவறி வீழ்ந்து உயிர் நீத்தார் என்று மரபு கூறும். சங்கிலி இருந்தது. மேலே இழுப்பதற்கு ஆள் இருந்தார்கள். காரியமோ ஆழ்வார் கைங்கர்யம். ஆயினும் வீழ்ந்தார். தோழப்பருக்குக் கவனம் போதவில்லை என்றோ, பக்தி போதவில்லை என்றோ சொல்ல இன்றுவரை ஒருவரும் துணிந்ததில்லை.

இந்த நாவடக்கம் இக்காலத்தில் அருகிவிட்டது. ஒரு விபத்துச் செய்தி வந்ததும், “ஏன் போனார்கள்?” என்று கேட்பதற்கு ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், தென்காசி மாவட்டத்துக் கடையம் வட்டாரத்திலிருந்து உதகைக்குச் சுற்றுலா சென்று திரும்பிக்கொண்டிருந்த பேருந்து, குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்தது. 9 பேர் மாண்டனர். ஊரார் ஒன்றுகூடிப் புறப்பட்ட பயணம் அது. இருக்கையில் அமர்ந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் செய்த பிழை யாது? பேருந்தின் நிலையைச் சோதிக்கும் அறிவோ, வாய்ப்போ பயணிக்கு இல்லை. எச்சரிக்கையாக இருந்திருக்கலாமே என்று மாண்டவரை நோக்கிச் சொல்வது, விதி என்று சொல்வதைக் காட்டிலும் கொடிது. அதில் ஆறுதலும் இல்லை, அறிவும் இல்லை.

அப்படியானால் எச்சரிக்கை எவர் கடமை? வண்டி ஏற்பாடு செய்கிறவன், ஓட்டுகிறவன், கூட்டிச் செல்கிறவன், வழியைப் பராமரிக்கிறவன் ஆகியோருக்கு அது முதற்கடமை. மலைச்சாலையில் இறங்கும் வண்டியை, ஏறுவதற்கு வேண்டிய அதே கீழ்க் கியரில் இறக்கவேண்டும் என்பது ஓட்டுநர் அறிந்த பாடம். பிரேக்கை மட்டுமே நம்பி நெடுந்தூரம் இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மலைப் பழக்கமுள்ள ஓட்டுநரைக் கேட்டுப் பெறுவதும், ஒரே ஓட்டுநரை இரவும் பகலும் ஓட்டச் செய்யாமல் இருப்பதும் ஏற்பாட்டாளர் கையில் உள்ளவை. வாடகையில் சில நூறு ரூபாய் குறைகிறது என்று இவற்றை விட்டுவிடுகிறவர், அந்தப் பணத்துக்கு எதை ஈடு வைக்கிறார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 23 பேர் உயிரிழந்ததும் இவ்வகையில் எண்ணத்தக்கது. கோடை தொடங்கிக் காய்ந்து கிடக்கும் புல்மலைக்கு எந்த நாளில் ஆளை அழைத்துச் செல்லலாம் என்பது, சென்னையிலிருந்து வந்த இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி அன்று. அழைத்துச் சென்றவர்கள் அறிந்திருக்க வேண்டியது.

பயணி தன் கையில் வைத்திருக்கும் சில காரியங்களும் உண்டு. உறக்கம் அவற்றில் முதன்மையானது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அதிகாலையில், குற்றாலத்தில் நீராடிவிட்டு ஊர் திரும்பிய நண்பர்கள் 6 பேர், புளியங்குடிப் பக்கத்தில் கார் லாரியோடு மோதி மாண்டனர். அன்று அக்காரில் நடந்ததை எவரே அறிவார்? ஆனால் பொழுது விடியுமுன் உள்ள நேரம் கண் அயரும் நேரம் என்பதை ஓட்டுநர் யாவரும் அறிவர். நீராடிய உடலுக்கு உறக்கம் இன்னும் விரைந்து வரும். ‘விடிவதற்குள் வீடு சேரவேண்டும்’ என்னும் அவசரத்துக்குப் பெரும்பாலும் காரணமே இருப்பதில்லை. கோயில் மண்டபத்திலோ சத்திரத்திலோ பொழுது விடியும்வரை தலை சாய்ப்பது பழைய யாத்திரிகர்களின் வழக்கம். இந்நாட்டு மன்னர்களும் வணிகர்களும் வழி நெடுகச் சத்திரமும் சாவடியும் கட்டி வைத்தது வேறு எதற்கு?

எச்சரிக்கையும் பக்தியும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுகிறவர்களுக்குப் பெரியாழ்வார் சரிதம் போதிய விடை தரும். பாண்டியன் அவையில் பொற்கிழி அறுத்து, யானைமீது பவனி வந்தபோது, கருடாரூடனாய் எம்பெருமான் விண்ணில் காட்சி தந்தான். கண்டவர் வரம் கேட்கவில்லை. இத்துணை அழகு இக்கொடிய காலத்தில் எல்லார் கண்ணிலும் படுகிறதே, இதற்கு ஏதேனும் தீங்கு நேர்ந்துவிட்டால் என் செய்வது என்று அஞ்சினார். அந்த அச்சத்திலிருந்து பிறந்ததே திருப்பல்லாண்டு. அழிவில்லாதவனுக்குக் காப்பிடுவது அறியாமை அன்றோ என்று கேட்பவருக்கு, அது பரிவின் முதிர்ச்சி என்று பெரியோர் விடையிறுத்தனர். ‘அஸ்தானே பயசங்கை’ என்று அதற்குப் பெயரும் இட்டனர். கங்கைக் கரையில் இராமபிரான் புல்லணையில் துயின்ற இரவில், இலக்குவன் வில்லேந்திக் காத்தான். அந்த இலக்குவனையும் ஐயுற்றுக் குகன் காத்தான். குகனையும் ஐயுற்று அவன் பரிவாரம் காத்தது. வியாக்கியானக்காரர்கள் இதை வியந்து வியந்து சொல்வர். வந்திருப்பவன் யார் என்று அவர்கள் அறியாதவர்களா? அன்பு மிகுந்த இடத்தில் அறிவு சொல்லும் சமாதானம் எடுபடுவதில்லை.

பயணம் புறப்படும் மகனிடம் “போய் இறங்கியதும் சொல்” என்று பத்துத் தரம் சொல்லும் தாயின் மனமும் இவ்வகையைச் சேர்ந்ததே. வீட்டில் உள்ளவர்கள் அவளைக் கேலி செய்வர். அவள் சொல்வதைச் சற்றே ஒழுங்குபடுத்தினால், எந்த வழியாகப் போகிறோம், எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்பதை எழுதி வீட்டில் வைத்துச் செல்வது என்னும் நல்ல வழக்கம் கிடைக்கும். மேக்கரையைத் தாண்டிக் காட்டுக்குள் சென்றால் கைப்பேசிக்குத் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. குறித்த நேரத்தில் திரும்பாதவர்களைத் தேடுவோருக்கு அந்தச் சிறு தாளே வழிகாட்டி. முதியவர்களின் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோகும் பையில் வைக்கவேண்டும். வண்டியின் மேல் ஏற்றிய பெட்டியில் வைத்தால் வேண்டிய நேரத்தில் கிட்டாது. குழந்தையின் சட்டைப்பையில் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் தவறிய பிள்ளை அழுகையில் தன் ஊர்ப் பெயரையே மறந்துவிடும். 108 என்னும் எண்ணுக்கு ஆம்புலன்ஸும் 112 என்னும் எண்ணுக்குக் காவல், தீயணைப்பு உதவியும் வரும். பாம்பு தீண்டினால் கயிற்றால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் ஆகா. தீண்டப்பட்டவரை நடக்கவிடாமல், அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணங்கள் ஆண்டுதோறும் மார்கழியில் புனலூரிலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாக வந்து மலையேறுவதை இவ்வட்டாரத்தார் அறிவர். வழியெங்கும் மக்கள் கூடி வரவேற்பர். ஆயுதம் தாங்கிய காவலர்கள் உடன் செல்வர். ஐயன் பொருளுக்குக் காவல் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. பேழைக்கு உண்டான அக்கறை, அப்பேழையைக் காண வேனில் தொங்கிக்கொண்டு வரும் இளைஞனுக்கும் உண்டாகவேண்டும் என்பதே வேண்டுகோள்.

இனி, எச்சரிக்கை என்பது தன்னைக் காத்துக்கொள்வதோடு முடிகிறதா என்று ஒரு வினா எஞ்சுகிறது. வெள்ளத்தில் ஒருவன் அகப்பட்டால் அவனை மீட்க இன்னொருவன் குதிக்கவேண்டியிருக்கிறது. தீயணைப்பு வீரனுக்கும் காட்டிலாகாக் காவலனுக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. தன் உயிர் தன் விருப்பம் என்று சொல்கிறவன் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, தமக்கு யாதொரு தொடர்பும் இல்லாத பயணிகளின் பொருட்டு விழித்துக்கொண்டவர்களும் இவ்வட்டாரத்திலேயே இருந்தார்கள்.

செங்கோட்டையிலிருந்து கணவாய் ஏறும் இருப்புப்பாதை 1904இல் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கிற்று. புளியரைக்கு மேலே, கோட்டைவாசல் அருகில், நெடுஞ்சாலை எஸ் எழுத்தைப்போல் வளைந்து செல்லும் இடத்துக்குக் கீழே அப்பாதை செல்கிறது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அவ்வளைவில் நிலைதவறி உருண்டு தண்டவாளத்தின்மேல் விழுந்தது. லாரியை ஓட்டியவர் மாண்டார். அண்மையில் குடியிருந்த முதிய தம்பதியர் பேரொலி கேட்டு எழுந்தனர். விழுந்ததைக் கண்டனர். சற்று நேரத்தில் ரயில் வரும் ஓசையும் கேட்டது. வயதுக்கு ஒவ்வாத வேகத்தில், இருட்டில், தண்டவாளத்தின் ஓரமாக அவர்கள் ரயில் வரும் திசையை நோக்கி ஓடினர். கையில் இருந்தது டார்ச் விளக்கு. அதை ஆட்டி ஆட்டிக் காட்டினர். ஓட்டுநர் கண்டு ரயிலை நிறுத்தினார்.

தமிழக முதலமைச்சர் அவர்களை அழைத்துப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் பரிசளித்தார். காட்டு ஓரத்தில் குடியிருப்போர் இரவில் டார்ச் இல்லாமல் வெளியே வருவதில்லை. அன்றும் வழக்கம்போல் அது தலைமாட்டில் இருந்திருக்கும், பாட்டரியும் தீராமல் இருந்தது.